விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?

திருத்தணியில் நின்று பேசுகிறவன் மலையை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். போட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கற்பனை. நாட்டை உண்டாக்கியவர்களில் ஒருவர், இறந்து அரை நூற்றாண்டு ஆனவர், ஒருநாள் திரும்பி வருகிறார். வேறு எங்கும் இல்லை, நம் ஊருக்கு வருகிறார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பொறுப்பு நம்முடையது. எதைக் காட்டுவோம்? எதை மறைப்போம்? அவர் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வோம்?

அமெரிக்கர்களுக்கு இது மிகவும் பிடித்த விளையாட்டு. ஜார்ஜ் வாஷிங்டனை விமானத்தில் ஏற்றினால் என்ன சொல்வார்? தாமஸ் ஜெபர்சன் கையில் செல்போனைக் கொடுத்தால் என்ன செய்வார்? மின்னல் என்பது மின்சாரம்தான் என்று நிரூபிக்க வழி காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளினைச் சுவரோரம் நிறுத்தி, "இந்தச் சுவிட்சைத் தட்டுங்கள் ஐயா" என்றால் அவர் முகம் எப்படி மாறும்? இப்படியெல்லாம் கதை கட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆசையை முதலில் சொன்னவர்களில் ஒருவர் அந்தப் பிராங்க்ளினேதான்!

1773ஆம் ஆண்டு. அமெரிக்கா என்ற நாடு பிறக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. பிராங்க்ளின் லண்டனில் இருக்கிறார். பாரிஸில் இருந்த பார்பூ துபூர் என்ற மருத்துவ நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வர்ஜீனியாவில் புட்டியில் அடைத்து லண்டனுக்கு வந்த மதீரா மதுவை ஒரு நண்பர் வீட்டில் திறந்து ஊற்றினார்களாம். முதல் கிண்ணத்தில் மூன்று ஈக்கள் செத்து விழுந்தன. வெயில் பட்டால் ஈ பிழைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். வடிகட்டி எடுத்து வெயிலில் வைத்தார். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு ஈக்கள் காலை உதறின, முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டன, பறந்தே போய்விட்டன. மூன்றாவது ஈ பொழுது சாயும்வரை எழவில்லை. தூக்கி எறிந்துவிட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஈயோடு போயிருக்கும். பிராங்க்ளின் தொடர்ந்து எழுதுகிறார்: தன்னையும் சில நண்பர்களையும் இப்படி ஒரு மதுப் பீப்பாயில் ஊற வைத்து, நூறு ஆண்டு கழித்துத் தன் நாட்டு வெயிலில் வைத்து எழுப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும், அப்போது அமெரிக்கா எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்கிறார். சாவுக்கு அஞ்சிச் சொன்ன பேச்சில்லை இது. விதைத்தவனுக்கு விளைச்சலைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு.

பீப்பாய் கிடைக்கவில்லை. ஆனால் அவர் விடுகிற ஆளா? உயிலில் ஒரு வேலை செய்துவிட்டுப் போனார். பிறந்த ஊரான பாஸ்டனுக்கு ஆயிரம் பவுண்டு, வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கு ஆயிரம் பவுண்டு. தொழில் கற்று முடித்த இளம் கைவினைஞர்களுக்கு ஐந்து சதவீத வட்டியில் கடன் கொடுங்கள். நூறு ஆண்டு கழித்து ஒரு பகுதியை எடுத்து ஊருக்கு நல்லது செய்யுங்கள். மிச்சத்தை இன்னொரு நூறு ஆண்டு சுழல விடுங்கள் என்று எழுதி வைத்தார். 200 ஆண்டு! அந்தக் கணக்கு உண்மையிலேயே ஓடி, 1990ஐ ஒட்டி முடிந்தது. பாஸ்டனில் 45 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பிராங்க்ளின் எழுந்து வந்தால் நீங்கள் விமானத்தைக் காட்டுவீர்கள். அவர் எதைப் பார்ப்பார்? விமானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், என் ஆயிரம் பவுண்டு என்ன ஆயிற்று? இந்த ஊரைவிட அந்த ஊரில் இரண்டு மடங்கு ஏன் சேர்ந்தது? கடன் வாங்கின பையன்கள் தலையெடுத்தார்களா?" என்றுதான் கேட்டிருப்பார். அவர் கணக்கு எழுதி வளர்ந்த அச்சுக்கூடத்துக்காரர் அல்லவா?

இதற்கு நேர் எதிரான குரலும் அந்த நாட்டை உண்டாக்கியவர்களின் கூட்டத்திலேயே இருந்தது. 1789 செப்டம்பரில் ஜெபர்சன் பாரிஸிலிருந்து தன் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் சொந்தம் என்றார். செத்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. எந்தச் சட்டமும் 19 ஆண்டுக்கு மேல் செல்லக் கூடாது, அடுத்த தலைமுறை தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஒருவர் "என்னை எழுப்புங்கள், பார்க்க வேண்டும்" என்கிறார். இன்னொருவர் "என்னை எதற்கு எழுப்புகிறீர்கள், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள்" என்கிறார். இந்த இரண்டு குரலையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் விருந்தாளியை அழைத்து வருவோம்.

யார் நம் விருந்தாளி? உங்களுக்குத் தெரியும். 1888 செப்டம்பர் 5ஆம் தேதி இந்த ஊரில் பிறந்தவர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஒரு பொருத்தம் பாருங்கள்: பிராங்க்ளின் இறந்தது 1790 ஏப்ரல் 17. ராதாகிருஷ்ணன் சென்னையில் காலமானது 1975 ஏப்ரல் 17. இருவரும் எளிய வீட்டில் பிறந்தவர்கள். இருவரும் புதிதாகப் பிறந்த நாட்டின் தூதராக வெளிநாடு போனவர்கள். அவர் பாரிஸுக்கு, இவர் மாஸ்கோவுக்கு.

"அவர் நாட்டை உண்டாக்கியவரா? குடியரசுத் தலைவராக இருந்தவர்தானே?" என்று கேட்கலாம். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர் அவர். வரைவுக் குழுவில் இல்லை, அது உண்மை. சட்ட விதிகளை அம்பேத்கர் அளவுக்கு அணு அணுவாக அலசியவரும் இல்லை. ஆனால் 1947 ஜூலை 22ஆம் தேதி தேசியக் கொடியை சபை ஏற்றபோது, அந்த நிறங்களும் அந்தச் சக்கரமும் எதைச் சொல்கின்றன என்று எழுந்து விளக்கியவர் இவர். ஆகஸ்டு 14ஆம் தேதி நள்ளிரவை நோக்கி மணி நகர்ந்துகொண்டிருந்தபோது அந்த மண்டபத்தில் பேசியவர்களில் ஒருவர் இவர். ஒரு நாடு பிறக்கும் நேரத்தில் அறைக்குள் இருந்தவர். அது போதும்.

சரி, எப்படி வருவார்? ரயிலில் வருவார் என்று வைத்துக்கொள்வோம். ரயிலைக் கண்டு அவர் அதிசயப்பட மாட்டார். அவர் பிறப்பதற்கு முன்பே இந்த வழியாகப் பம்பாய்ப் பாதை போய்விட்டது. மின்சார ரயில் சென்னையிலிருந்து நேராகத் திருத்தணிக்கு வந்து நிற்பதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிற்பார். கையில் பெட்டியோடு இறங்குகிற கூட்டத்தைப் பார்ப்பார். பிறகு பெயர்ப் பலகையைப் பார்ப்பார். அங்கேதான் முதல் குழப்பம்.

அவர் பிறந்தபோது இந்த ஊர் வட ஆர்க்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போயிற்று. அப்போதெல்லாம் சென்னை மாகாணம்தான், ஊர்க்காரனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. திருத்தணி ஆந்திராவுக்குப் போய்விட்டது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது, செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. அப்போது நம் விருந்தாளி டெல்லியில் குடியரசுத் துணைத் தலைவர்! 1997இல் திருவள்ளூர் மாவட்டம் வந்தது. மலை ஓர் அங்குலம் நகரவில்லை. படிக்கட்டு நகரவில்லை. நந்தி ஆறு நகரவில்லை. விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இந்த விலாசத்தை மாற்றியவர்களில் ஒருவரையும் அதே ரயிலில் ஏற்றிக்கொள்வோம். அவரை விட்டுவிட்டுத் திருத்தணியில் யாரும் எதையும் காட்ட முடியாது. சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம். 1906இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். பிராங்க்ளினும் அச்சுக்கூடம், ம.பொ.சி.யும் அச்சுக்கூடம். ஈயத்தில் எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவர்களுக்கு ஒரு நாட்டையும் அப்படியே கோத்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது போலிருக்கிறது! தமிழரசுக் கழகத்தை 1946இல் தொடங்கினார். வடக்கெல்லைக்காக இந்த ஊர்த் தெருக்களில் மறியல் நடந்தது, மங்கலங்கிழார், கே.விநாயகம் போன்ற இப்பகுதிக்காரர்கள் முன்னே நின்றார்கள். பலர் சிறை போனார்கள். எல்லைத் தகராறில் படாஸ்கர் தீர்ப்பு வந்தது. அதன்படி 1959இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இங்கே வந்தன. சத்தியவேடு போன்ற ஊர்கள் அங்கே போயின. கேட்டது திருப்பதி. கிடைத்தது திருத்தணி. அதுவே பெரிது என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு, போதாது என்று கடைசிவரை வருந்தியவர்களும் உண்டு.

இப்போது அந்த ரயில் நிலையத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த தத்துவப் பேராசிரியர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். இன்னொருவர் தமிழுக்காக எல்லையில் நின்றவர். இருவருக்கும் இந்த ஊர் சொந்தம். இதைவிட அழகான ஜோடியை எந்த ஊரால் காட்ட முடியும்? பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நகரிக்கும் புத்தூருக்கும் திருப்பதிக்கும் ஏறுகிற கூட்டத்தைக் காட்டுங்கள். பூக்காரம்மா தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரத்தை முடிப்பதைக் காட்டுங்கள். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் ஓடுகிற விசைத்தறியின் சத்தமும் எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் ஓடுகிற தறியின் சத்தமும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுங்கள். எல்லை வேண்டும் என்று போராடியது தவறில்லை. ஆட்சி மொழி, பள்ளி மொழி, நீதிமன்ற மொழி என்று பலதும் அதில் அடங்கியிருந்தது. ஆனால் எல்லை போட்ட பிறகும் சந்தை அதைத் தாண்டிக்கொண்டே இருக்கிறது. இதைப் பார்த்து இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

மலைக்கு ஏற்றுவோமா? ஆடிக் கிருத்திகையும் காவடியும் நம் பேராசிரியருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் 31ஆம் தேதி இரவு 365 படிகளுக்கும் பூசை போட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிற படித் திருவிழா அவர் சிறுவனாக இருந்தபோது கிடையாது. ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்த்துக் கும்பிடப் போனவர்களை, அந்தக் கும்பிடை முருகனுக்குப் போடுங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் திருப்பிவிட்ட விழா அது. பழையது என்று நாம் நினைப்பதில் எவ்வளவோ புதியது. இதைக் கேட்டால் தத்துவப் பேராசிரியர் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

மலையை விட்டு இறங்குவோம். அவர் எங்கே போக ஆசைப்படுவார்? சந்தேகமே இல்லை, பள்ளிக்கூடத்துக்கு.

ஆசிரியர் தினம் என்றதும் எல்லோரும் ஒரு கதை சொல்வீர்கள். மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும்போது மாணவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துப் போன கதை. அதை நான் சொல்லப் போவதில்லை. ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு அந்தக் குதிரைக்கே அலுத்திருக்கும். அவர் படித்த கதையைச் சொல்கிறேன். தொடக்கப் படிப்பு இங்கே. அதற்கு மேல் படிக்கத் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே லுத்தரன் மிஷன் பள்ளி. அப்புறம் வேலூரில் ஊரிசுக் கல்லூரி. அப்புறம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. உதவித்தொகை கிடைத்ததால் படித்தார். தத்துவம் படித்ததுகூட, உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான். அந்தப் பையன் கணிதம் படித்திருந்தால்? இந்தியாவுக்கு ஒரு கணித ஆசிரியர் கிடைத்திருப்பார்.

கிறித்தவக் கல்லூரியில் இந்து சமயத்தின்மேல் வைக்கப்பட்ட விமரிசனங்கள் அந்த இளைஞனைக் குத்தின. கோபப்பட்டுக் கல்லெறியவில்லை, போய்ப் படித்தான். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமுண்டு என்று 1908இல் ஆய்வுரை எழுதினான். பேராசிரியர் ஹாக் என்ன சொல்வாரோ என்ற பயம் இருந்தது. ஹாக் பாராட்டினார். தன் சமயத்தார் வைத்த விமரிசனத்தை மறுக்கிற மாணவனைப் பாராட்டிய ஆசிரியர், ஆசிரியரை மறுத்து எழுதத் துணிந்த மாணவன். இருவரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு வேண்டியிருக்கிறது.

இன்று திருத்தணியில் அவர் பெயரிலேயே அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. மலைக்காரர் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பெண் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து பட்டம் வாங்கிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். திருப்பதி வேண்டாம், வேலூர் வேண்டாம். இதைக் காட்டினால் அவர் கண் விரியும். செல்போனைக் காட்டி விரியாத கண் இங்கே விரியும்.

அதோடு நாம் நிறுத்திக்கொண்டால் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அடுத்த ரயிலில் அனுப்பிவிடலாம். ஆனால் அவர் பையிலிருந்து ஓர் அறிக்கையை எடுப்பார். அதுதான் அவருடைய ஆயிரம் பவுண்டு.

1948 நவம்பரில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழு. தலைவர் ராதாகிருஷ்ணன். ஜாகிர் உசேன், ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், மேகநாத் சாகா எல்லாரும் உறுப்பினர்கள். அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள். அதில் ஆர்தர் மார்கன் என்ற பொறியாளர், டென்னசி பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தின் முதல் தலைவராக இருந்தவர், கிராமத்துக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று வாதாடியவர். 1949 ஆகஸ்டில் அறிக்கை தயார். சுதந்திர இந்தியாவின் முதல் கல்விக் குழு அறிக்கை அது. ஆசிரியர் தினத்துக்கு அவர் படத்தை எடுக்கிறோம். அந்த அறிக்கையை யாராவது எடுக்கிறோமா?

எடுத்துப் பார்ப்போம். கல்லூரிக்குள் நுழையுமுன் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு வேண்டும் என்றது அறிக்கை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ எப்போது வந்தது? 1978இல். சொன்னவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து! பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மானியக் குழு வேண்டும் என்றது. அது 1953இல் வந்தது. கிராமப் பல்கலைக்கழகம் என்றது. அந்த எண்ணத்தோடு ஒத்துப் போகிற காந்திகிராமம் திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிறது, எண்ணிக்கையில் அதற்கு மேல் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தேர்வு நாள்கள் போக 180 நாளாவது வகுப்பு நடக்க வேண்டும் என்றது. ஒரு பல்கலைக்கழகத்தில் 3000 மாணவர்களுக்கு மேல் வேண்டாம், இணைப்புக் கல்லூரியில் 1500க்கு மேல் வேண்டாம் என்றது.

அவர் அறிக்கை எழுதியபோது நாட்டில் இருந்த பல்கலைக்கழகங்கள் முப்பதுக்குள். 2021–22 கணக்கெடுப்பில் 1168. படிப்பவர்கள் 4.33 கோடி. தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் நூறு பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் உயர்கல்வியில் இருந்தார்கள். நாட்டுச் சராசரி 28.4. இதை மார்தட்டிச் சொல்லலாம். அவர் மெல்லக் கேட்பார்: "மிகவும் சந்தோஷம். அந்த 3000 என்ன ஆயிற்று?" மேடையில் இருக்கிற பேராசிரியர்களைக் கேட்கிறேன், என்ன பதில் சொல்வீர்கள்? நூற்றுக்கணக்கான கல்லூரிகளை இணைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தும் ஆலையாகவே சில பல்கலைக்கழகங்கள் நடக்கின்றன என்றா சொல்வீர்கள்?

இன்னொன்று கேட்பார். அதுதான் கூர்மையானது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் தேர்வு முறையைத்தான் சொல்வோம் என்று அந்தக் குழு எழுதியது. ஒரே ஒரு சீர்திருத்தம்! 1949இல்! மாணவர்களே, இந்த இடத்தில் நீங்கள் கை தட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், தட்டிவிட்டீர்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையைச் சனி ஞாயிறும் உட்காரவைக்கிற பள்ளிகளை அவருக்குக் காட்டுவோமா? நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகையைக் காட்டுவோமா? அந்தத் தெரு வழியாகக் கூட்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடுவோமா?

நீங்கள் பயப்பட வேண்டாம். தேர்வை வெறுத்த மனிதர் நமக்குத் தேர்வு வைத்து மதிப்பெண் போட மாட்டார். ஜெபர்சன் சொன்னதை நினைவில் வையுங்கள். செத்தவருக்கு நம்மேல் அதிகாரம் இல்லை. அவர் தவறு செய்திருந்தால் அதையும் நாம் சொல்லலாம். சொல்ல வேண்டும்.

நான் சொல்கிறேன். பல்கலைக்கழகக் கல்வியை மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பார்க்கும் பொதுப் பட்டியலில் வைக்க வேண்டும் என்றது அவருடைய குழு. அன்று அது நடக்கவில்லை. அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் 42ஆம் திருத்தத்தின் மூலம் கல்வி முழுவதுமே பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. பள்ளிக்கூடமும் சேர்ந்து போயிற்று. அதன் பலனை, மருத்துவ இடத்துக்கான நுழைவுத் தேர்வுச் சண்டையில், இந்தத் தமிழ்நாடு இன்றுவரை அனுபவிக்கிறது. இந்த ஒன்றில் ஐயா அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரயில் நிலையத்தில் அவர் பக்கத்தில் நின்ற ம.பொ.சி. இருக்கிறாரே, மாநில சுயாட்சி என்று ஆயுள் முழுக்கப் பேசியவர், அவர் என் கட்சி. அவர்கள் இருவரும் இதைப் பற்றி வாதாடட்டும். நாம் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்போம்.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். படித்த பெண்கள் இல்லாமல் படித்த சமூகம் இல்லை என்று குழு அழுத்திச் சொன்னது. அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அதே மூச்சில், பெண்களுக்கு வீட்டு நிர்வாகம், வீட்டுப் பொருளாதாரம், செவிலியர் பணி என்று தனியாகச் சில படிப்புகளை வகுத்துக் காட்டியது. ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்றவர் அவர். அந்தக் காலத்துக்கு அது முற்போக்காகவே இருந்திருக்கலாம். அந்த 2021–22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் இருந்த 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள். இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறார்கள், கணினி வகுப்பில் இருக்கிறார்கள், வணிகவியலில் இருக்கிறார்கள். நம் கல்லூரி வாசலில் சாயங்காலம் நாலு மணிக்கு அவரை நிறுத்தினால் போதும். அவர் எழுதியதைவிடப் பெரிதாக நடந்திருக்கிறது என்று அந்தப் பெண்களே அவருக்குச் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்படாத ஆசிரியர் ஆசிரியரே அல்ல.

இப்படித்தான் விருந்தாளியோடு பேச வேண்டும் என்கிறேன். நாம் என்ன செய்கிறோம்? சிலை வைக்கிறோம், தெருவுக்குப் பேர் வைக்கிறோம், பிறந்த நாளில் மாலை போடுகிறோம். மாலை கழுத்தில் விழுந்ததும் மனிதர் பேச முடியாமல் போய்விடுகிறார். நமக்கும் அதுதான் வசதி! கேள்வி கேட்பவரைத் தெய்வமாக்கிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அமெரிக்காவிலும் இதேதான். தங்கள் நாட்டை உண்டாக்கியவர்களில் சிலரை மலையில் முகம் செதுக்கி வைத்தார்கள். உண்டாக்கியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதை எவ்வளவு காலம் மெல்லிய குரலில் பேசினார்கள்! பிராங்க்ளினும் ஒரு காலத்தில் அடிமை வைத்திருந்தவர்தான். ஆனால் சாகிற ஆண்டில், 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழியுங்கள் என்று கேட்டு அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் அவர் கையெழுத்து இருக்கிறது. 84 வயதில் தன்னைத்தானே மறுத்தார். அப்படிப்பட்டவரை எழுப்பினால் விமானத்தைக் காட்டி ஏமாற்ற முடியுமா?

நம் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. 1947 ஆகஸ்டு 14 இரவு, எல்லோரும் கண்ணீரும் சந்தோஷமுமாக உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில் அவர் எச்சரித்ததை நினைத்துப் பாருங்கள். மேலிடத்து ஊழலை ஒழிக்காவிட்டால், சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுவதையும், பதவி ஆசையையும், கொள்ளை லாபத்தையும், கள்ளச் சந்தையையும் வேரோடு பிடுங்காவிட்டால் நிர்வாகம் உருப்படாது என்றார். கல்யாண வீட்டில் இப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் துணிச்சல் அதோடு நிற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1967 குடியரசு தினத்தை ஒட்டிய உரையில், நாட்டின் வளங்கள் மோசமாகக் கையாளப்படுகின்றன, நிர்வாகத்தில் திறமையின்மை மலிந்திருக்கிறது என்று, தானே தலைவராக இருக்கிற குடியரசைப் பற்றி, பதவியில் இருந்துகொண்டே சொன்னார். அவர் பட்டியலில் எதையெல்லாம் பிடுங்கிவிட்டோம், எதையெல்லாம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம் என்று நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நின்ற அனுபவம் இங்கே ஒவ்வொருவருக்கும் இருக்கும். விருந்தாளியை அங்கேயும் அழைத்துப் போவோமா? வரிசையில் நிற்க வைப்போமா? அவர் யாரென்று சொல்லாமல்?

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லாமல் நிற்க வைத்தால்தான் அவருக்குத் திருத்தணி தெரியும். பெயரைச் சொன்னால் நாற்காலி வரும், இளநீர் வரும், திருத்தணி தெரியாது.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 1949 அறிக்கையில் தேர்வைப் பற்றிய பகுதியையும், பெண் கல்வியைப் பற்றிய பகுதியையும் தமிழில் சுருக்கி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பிரதிகள் வாசலில் இருக்கின்றன. அடுத்த செப்டம்பர் 5ஆம் தேதி உங்கள் பள்ளியில் அவர் படத்துக்கு மாலை போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை போட்ட கையோடு ஒரு மாணவியை மேடைக்கு அழைத்து, "இதில் உனக்கு உடன்பாடில்லாதது எது?" என்று கேளுங்கள். ஹாக் துரை தன் மாணவனுக்குக் கொடுத்த இடத்தை நீங்கள் உங்கள் மாணவிக்குக் கொடுங்கள்.

செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் பேசியதிலேயே உடன்பாடில்லாதவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். பொதுப் பட்டியலைப் பற்றி நான் சொன்னது சரியில்லை என்று மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி அப்போதே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி அவருடையதாக இருக்கட்டும். மைக்கை அவரிடம் கொடுங்கள்.